பிரித்துத் தைத்த போர்வை

சின்னவளுக்கு ஊசியில் நூல் கோக்க வராது. குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அவளே தெருவெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். சட்டையில் ஒரு பொத்தான் விழுந்தால் போதும், அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு மாடியிலிருந்து இறங்கி வருவாள். "அக்கா, எனக்கு நீங்கதான் கதி" என்பாள். நானும் முறைத்துக்கொண்டே வாங்கித் தைத்துக் கொடுப்பேன்.

சின்னவள் என் ஓரகத்தி. என் வீட்டுக்காரருடைய தம்பியின் மனைவி. கீழே நாங்கள், மாடியில் அவள். கொழுந்தன் போய் எட்டு வருஷம் ஆகிறது. ஒரே மகள் சிட்டு, கல்யாணமாகி ரயிலில் ஒரு நாள் முழுக்கப் போக வேண்டிய குளிர் ஊரில் இருக்கிறாள். சின்னவளை எல்லோருக்கும் பிடிக்கும். என்னைக் கண்டால் பேச்சை நிறுத்துகிறவர்கள், அவளைக் கண்டால் வண்டியை நிறுத்துவார்கள். மாமியார் இருந்தவரைக்கும் "சின்னவ கை பட்டா சுடுதண்ணிகூட ருசிக்கும்" என்பார். எனக்கு வயிறு எரியும். பொய் சொல்வானேன், நன்றாகவே எரியும். அந்த வீட்டில் எனக்கென்று இருந்தது தையல் ஒன்றுதான். முப்பத்தோரு வருஷமாக மிஷின் மிதிக்கிறேன். பள்ளிக்கூடச் சீருடை, கவுன், தலையணை உறை, திரைச்சீலை என்று எது வந்தாலும் தைப்பேன். நான் தைத்ததில் ஒரு தையல் கோணல் என்று இன்றுவரை ஒருத்தரும் திருப்பிக் கொண்டுவந்ததில்லை.

ஊரே கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த காலத்தில் சின்னவளுக்குக் காய்ச்சல் வந்தது. பரிசோதனையில் அந்த நோய்தான் என்று தெரிந்தது. வந்த நர்ஸ் வாசலுக்கு வெளியே நின்றபடியே சட்டம் போட்டுவிட்டுப் போனாள். மூன்று வாரம் அவள் மாடியை விட்டு இறங்கக் கூடாது. நாங்கள் ஏறக் கூடாது. தட்டோ துணியோ, மாடியிலிருந்து எது வந்தாலும் கொதிக்கிற சோப்புத் தண்ணீரில் போட்டு எடுக்காமல் தொடக் கூடாது. என் வீட்டுக்காரர் பிளம்பர். பழைய கப்பி ஒன்றைத் தேடி எடுத்து மாடிச் சன்னலில் மாட்டி, கயிறு கட்டி, ஒரு பையைத் தொங்கவிட்டார். சாப்பாடு அதில் மேலே போகும், பாத்திரம் அதில் கீழே வரும்.

முதல் நான்கு நாள் படுத்தே கிடந்தாள். ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது, வாய் திறந்தது. சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்வாசலைப் பார்த்துக் கத்துவாள். நான் கீழே துணி உலர்த்துகிற இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்பேன்.

"அக்கா, சுவத்தைப் பாத்துப் பாத்துப் பைத்தியம் பிடிச்சிடும் போல இருக்கு. ஏதாவது வேலை குடுங்க."

"உனக்கு என்ன வேலைடி குடுக்கறது? மாடியில கிடந்து மாவா ஆட்டப் போற?"

"சிட்டுக்கு இது ஏழாவது மாசம். பிரசவத்துக்கு நான் பக்கத்துல இருப்பேன்னு சொல்லியிருந்தேன். இப்ப இந்த நிலைமையில எங்க போறது? என் கையால ஏதாவது ஒண்ணு அந்தக் குழந்தைக்குப் போய்ச் சேரணும் அக்கா. நீங்க வெட்டிப் போடற துண்டெல்லாம் வச்சு ஒரு போர்வை தைக்கலாமா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீயா? போர்வையா?"

"ஆமா, நான்தான். என்ன இப்ப? ஊசி என்ன என்னைக் கடிச்சிடப் போகுதா?"

ஊசிக்கு உன்னைக் கண்டால் பயம் என்றேன். மேலேயிருந்து அவள் சிரித்தாள், சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. அந்த இருமலைக் கேட்டபிறகு நான் எதிர்த்துப் பேசவில்லை.

வெட்டுத்துணி மூட்டையை அவிழ்த்து உட்கார்ந்தேன். நல்ல பருத்தியாகப் பொறுக்கி ஆறரை அங்குலச் சதுரமாக நாற்பத்திரண்டு வெட்டினேன். சுற்றிலும் தையலுக்குக் கால் அங்குலம் போனால் ஆறு அங்குலம் நிற்கும். ஆறு சதுரம் சேர்ந்தால் ஒரு வரிசை. ஏழு வரிசை சேர்ந்தால் ஒரு குழந்தைக்குத் தாராளமான போர்வை. எங்கே தைக்க வேண்டும் என்று ஒவ்வொன்றிலும் பென்சிலால் கோடு போட்டேன். பத்து ஊசியில் நூல் கோத்து ஒரு துணியில் குத்தி வைத்தேன், அவளுக்குக் கோக்க வராதே. எல்லாவற்றையும் பையில் போட்டு மேலே அனுப்பினேன். வரிசைகளை அவள் கையால் தைப்பது, அவற்றை நான் ஒன்றோடொன்று இணைத்துப் பஞ்சு வைத்து முடிப்பது என்று ஏற்பாடு.

இரண்டு நாள் கழித்து முதல் வரிசை கீழே இறங்கியது. பையைக் குச்சியால் தூக்கி, துணியை அப்படியே கொதிக்கிற தண்ணீரில் கவிழ்த்தேன். கொஞ்ச நேரத்தில் பார்த்தால் சதுரங்கள் ஆளுக்கொரு பக்கம் மிதந்தன. ஐந்து தையலும் பிரிந்து போயிருந்தது. அதை என்ன செய்வது? காயவைத்து, தேய்த்து, மிஷினில் போட்டு ஓட்டினேன். தையல் நிற்கவில்லை, நான் நிறுத்தினேன், அதில் தப்பே இல்லை. அந்த முதல் வரிசைக்கு இன்றும் நான் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது வரிசை பிரியவில்லை. அவள் கெட்டிக்காரி, முடிச்சுக்கு மேல் முடிச்சாக நான்கு போட்டிருந்தாள். கொதித்து வந்தும் அசையாமல் நின்றது. மேசையில் விரித்துப் பார்த்தேன். கடவுளே! ஒரு தையல் அரிசி அளவு, அடுத்தது அவரைக்கொட்டை அளவு. பென்சில் கோட்டில் ஆரம்பித்து மெல்ல மெல்ல இடது பக்கம் ஏறி, பாதியில் ஞாபகம் வந்து சட்டென்று கோட்டுக்குத் திரும்பியிருந்தது. ஒரு சதுரத்தை முகம் கவிழ்த்து வைத்துத் தைத்திருந்தாள். முடிச்சுக்குப் பக்கத்தில் விரல் நீளத்துக்கு நூல் வால் விட்டிருந்தாள். என் கை பரபரத்தது. கோணலாக எதைப் பார்த்தாலும் எனக்கு அப்படித்தான். குழந்தையின் கால் விரல் அந்தப் பெரிய தையலில் மாட்டிக்கொள்ளும் என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். தையல் பிரிப்பானை எடுத்து முடிச்சு முடிச்சாக அறுத்து, நூலை உருவிப் போட்டுவிட்டு, மிஷினில் தைத்தேன். தண்ணீர் தெளித்துத் தேய்த்ததும் அவள் ஊசி போன ஓட்டைகூட மூடிக்கொண்டது.

வீட்டுக்காரர் டீ தம்ளரோடு வந்து நின்று பார்த்தார். "நல்லாத்தானே தைச்சிருக்கா, எதுக்குப் பிரிக்கிற?"

"உங்களுக்கு என்ன தெரியும்? போய் உங்க குழாயைப் பாருங்க."

அவர் போய்விட்டார். என்னோடு வாய் கொடுத்து ஜெயிக்க முடியாது என்று கல்யாணமான வாரமே அவர் தெரிந்துகொண்டவர்.

அப்புறம் அது வழக்கமாகிவிட்டது. இரண்டு நாளுக்கு ஒரு வரிசை இறங்கும். சில சமயம் ஒரே நாளில் இறங்கும். கொதிக்க வைப்பேன், காயவைப்பேன், பிரிப்பேன், தைப்பேன். மேலே அவளுக்குத் தையல் பைத்தியம் பிடித்துவிட்டது. "மூணாவது எப்படி அக்கா? பரவாயில்லையா?" என்று சன்னலிலிருந்து கேட்பாள். "ம், தேறிட்ட" என்பேன். ஒரு நாள் "என்ன கீழே கடகடன்னு சத்தம்?" என்றாள். "பக்கத்து வீட்டு கவுன் ஒண்ணு ரொம்ப நாளா கிடக்குது, அதைத்தான் முடிக்கிறேன்" என்றேன். அந்தப் பொய் எனக்கு உறுத்தவே இல்லை. சொல்லப்போனால் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. எல்லாவற்றிலும் அவள் கை ஓங்கியிருந்தது. இதில் மட்டும் நான் இல்லாவிட்டால் அவள் பாடு அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்து வரிசை ஆனதும் பார்க்க வேண்டும் என்று அடம் பிடித்தாள். மேலே அனுப்பினால் மறுபடியும் கொதிக்க வைக்க வேண்டும், சாயம் வெளுத்துவிடும் என்று சொன்னேன். அது உண்மைதான், ஆனால் அதற்காக மட்டும் நான் மறுக்கவில்லை. நானும் வீட்டுக்காரரும் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு பின்வாசலில் விரித்து நின்றோம். சாயங்கால வெயில் அதன் மேல் விழுந்தது. நீலமும் மஞ்சளும் பழுப்புமாக எனக்கே அழகாகத்தான் தெரிந்தது. சன்னல் கம்பிக்கு நடுவில் முகத்தை வைத்து அவள் பார்த்தாள். இளைத்திருந்தாள், கழுத்தெலும்பு எட்டிப் பார்த்தது.

"அட! நானா அக்கா தைச்சேன் இதை?"

"வேற யாரு, மகாராணிதான்."

"தையலே தெரியலையே! நேரா இருக்கே!"

"தூரத்துல இருந்து பாத்தா எல்லாம் நேராத்தான் தெரியும். கண்ணு வைக்காத, உள்ள போ, காத்து அடிக்குது."

அவள் உள்ளே போகவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சிட்டுகிட்ட போன்ல சொன்னேன், நம்பவே மாட்டேங்கிறா. அம்மா, பெரியம்மா தைச்சதை உன் பேர்ல ஓட்டப் பாக்கறியான்னு கேக்கறா. வரட்டும், வந்து பாக்கட்டும். தொட்டுப் பாத்தா தெரியும் இல்ல, அம்மா கைன்னு?"

"தெரியும், தெரியும்" என்றேன். போர்வையைச் சட்டென்று மடித்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். அன்றைக்கு உறுத்தியது. ஆறாவது வரிசையை விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். ஆனால் ஐந்து வரிசை கோடு போட்டது போல் நிற்கும்போது ஆறாவது மட்டும் கோணிக்கொண்டு நின்றால் குட்டு வெளிப்படாதா? அதையும் பிரித்தேன்.

பதினெட்டாம் நாள் காலையில் பை இறங்கவில்லை. கூப்பிட்டால் பதில் வரவில்லை. போன் அடித்தேன். எடுத்தவள் பேசவில்லை, மூச்சு மட்டும் கேட்டது. பத்தே நிமிஷத்தில் வீட்டுக்காரர் போன் போட்டு வண்டியை வரவழைத்தார். தலை முதல் கால் வரை மூடிய இரண்டு பேர் மாடிக்குப் போய் அவளை நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நான் வாசல் ஓரத்தில் நின்றேன், கிட்டே வர விடவில்லை. மூக்கிலும் வாயிலும் கருவி மாட்டியிருந்தது. என்னைப் பார்த்தாள். கையை உயர்த்தி மேலே மாடியைக் காட்டினாள். 

வண்டி போன பிறகு பின்வாசலுக்குப் போனேன், சன்னல் கம்பியில் பை தொங்கியது, கயிற்றை இறக்கினேன். ஏழாவது வரிசை. மூன்று சதுரம் தைத்து, நாலாவதில் பாதியோடு நின்றிருந்தது. ஊசி துணியிலேயே குத்தியிருந்தது. கோடு அவள் பார்வைக்கே தெரியவில்லை போலிருக்கிறது, தையல் எங்கெங்கோ அலைந்திருந்தது.

இனிமேல் சொல்வதை நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல் இருக்கிறது. மூன்று நாள் நாங்கள் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஆஸ்பத்திரிக்குள் யாரையும் விடவில்லை. சும்மா உட்கார எனக்குத் தெரியாது. கை எதையாவது செய்ய வேண்டும். மூன்றாம் நாள் மதியம் அந்த வரிசையைக் கொதிக்க வைத்து, தேய்த்து, பிரிப்பானை எடுத்து, வழக்கம்போலப் பிரிக்க ஆரம்பித்தேன்.  யோசித்துச் செய்யவில்லை. கையே செய்தது. எல்லா நூலையும் உருவி, மீதிச் சதுரங்களையும் சேர்த்து மிஷினில் ஓட்டி, தரையைப் பெருக்கி, குப்பையைக் கொண்டுபோய்த் தெருமுனைத் தொட்டியில் கொட்டிவிட்டு வந்தேன். திரும்பி வரும்போது வீட்டுக்காரர் கையில் போனோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது.

அவள் முகத்தை நாங்கள் யாரும் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் ஆஸ்பத்திரிக்காரர்களே முடித்துவிட்டார்கள். சிட்டு போனில் அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. அடுத்த மாதமே, நாள் நிறைவதற்கு முன்னாலேயே, அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது.

சிட்டு வருவதற்கு மூன்று மாதம் ஆனது. ரயில் ஓட ஆரம்பித்ததும் வருகிறேன் என்று போன் செய்தாள். "அம்மா தைச்ச போர்வையைப் பத்திரமா வச்சிருக்கீங்களா பெரியம்மா?" என்றுதான் முதலில் கேட்டாள். வைத்திருக்கிறேன் என்றேன். போனை வைத்ததும் போர்வையை எடுத்து விரித்தேன். அதில் சின்னவளுடைய தையல் ஒன்றுகூட இல்லை.

ஒரு திருட்டுத்தனம் செய்தேன். ஒரு வரிசையை மறுபடியும் பிரித்து, கையில் ஊசி எடுத்து அவள் தைத்த மாதிரியே தைக்க உட்கார்ந்தேன். ஐந்தரை வரிசை பிரித்தவள் நான். அவள் எங்கே ஏறுவாள், எங்கே இறங்குவாள், எத்தனை முடிச்சுப் போடுவாள் என்று என்னை விட யாருக்குத் தெரியும்? ஆனால் வரவில்லை. வேண்டுமென்று கோணினாலும் என் தையல் எல்லாம் ஒரே அளவாக விழுந்தது. இடது கையால் தைத்துப் பார்த்தேன். கோணலாகத்தான் வந்தது, ஆனால் அது அவளுடைய கோணல் இல்லை. மூன்று நாள் முட்டி மோதினேன். விரலெல்லாம் குத்து. கடைசியில் எல்லாவற்றையும் அறுத்துப் போட்டுவிட்டு மிஷினிலேயே தைத்து, பஞ்சும் அடித்துணியும் வைத்து முடித்தேன். அன்றைக்கு அழுதேன். அவள் செத்த அன்றுகூட நான் அப்படி அழவில்லை.

சிட்டு வந்தாள். மாப்பிள்ளை பெட்டிகளை மாடிக்குக் கொண்டுபோய் வைத்தார். குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு அவள் போர்வையைக் கையில் எடுத்தாள். மேசை மேல் விரித்து, குனிந்து, ஒவ்வொரு இணைப்பாக விரலால் தடவினாள். 

"இது மிஷின் தையல் மாதிரி இருக்கே பெரியம்மா."

"ம்."

"மாடியில ஏது மிஷின்? கையால இவ்வளவு நேராவா தைச்சாங்க?" அவள் கண் நிறைந்தது. "சின்ன வயசுல என் பாவாடை கிழிஞ்சா பின்னு குத்தி அனுப்பினவங்க பெரியம்மா எங்கம்மா. இப்படித் தைக்க வரும்னு எனக்குத் தெரியாமலே போயிடுச்சே. நான் நம்பலையே. போன்ல கேலி பண்ணினேனே. எங்கம்மாவை எனக்குத் தெரியவே இல்லை, இல்ல?"

அங்கேயே நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆமாம்டி, நேராகத்தான் தைத்தாள் என்று சொன்னால் அந்தப் பெண் அதைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு, ஆயுசு முழுக்க வைத்திருப்பாள். யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அவள் அழுதுகொண்டிருந்தது யாரோ ஒரு பொம்பளைக்காக. தையல் தெரிந்த, நேர்கோட்டில் போகிற, யாரோ ஒருத்தி. பொத்தானைக் கையில் வைத்துக்கொண்டு படி இறங்கி வந்த சின்னவளை நூல் நூலாக உருவிப் போட்டவள் நான்தான். மகள் மனசில் மிச்சம் இருப்பவளையும் பிடுங்கிக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை.

"உங்கம்மாவுக்குத் தையல் வராதுடி" என்றேன். "நீ தெரிஞ்சு வச்சிருந்ததுதான் சரி. அவ தைச்சா. ரொம்பக் கோணலா தைச்சா. நான் எல்லாத்தையும் பிரிச்சுட்டேன்."

அவள் புரியாமல் பார்த்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கொதிக்க வைத்தது, பிரித்தது, பக்கத்து வீட்டு கவுன் என்று பொய் சொன்னது, கடைசி வரிசையில் ஊசி குத்தியிருந்தது, அதையும் விடாமல் பிரித்தது. 

"ஒண்ணுகூடவா விடல?"

"ஒண்ணுகூட விடல."

"அந்த நூலு?"

"குப்பையில கொட்டிட்டேன்."

அவள் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. அவள் போர்வையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் ஒரு தடவை, மெதுவாக, ஏழு வரிசையையும் விரல் நுனியால் தடவிக்கொண்டே போனாள், எங்கேயாவது ஒரு தையல் தப்பியிருக்காதா என்பது போல. ஏழாவது வரிசையின் கடைசிவரை போய்விட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். குழந்தை சிணுங்கியது. என் மடியிலிருந்து வாங்கிக்கொண்டு உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மூன்று நாள் இருந்தார்கள். அம்மாவின் சாமான்களை எடுத்துக் கட்டினாள். என்னோடு பேசினாள், நான் போட்ட சோற்றைச் சாப்பிட்டாள், போர்வையைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. புறப்படுகிற நாள் நானே அதை மடித்து மேசை ஓரத்தில் வைத்தேன். அவளாகவே வந்து எடுத்தாள். அங்கே குளிர் ஜாஸ்தி, குழந்தைக்கு ஆகும் என்றாள்.

வாசலில் வண்டி நின்றது. குழந்தையை அதில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு படி இறங்கினாள். பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்த மாப்பிள்ளை திரும்பிப் பார்த்து, "அட, நல்லா இருக்கே! அத்தை தைச்சதா?" என்றார்.

"இல்லங்க" என்றாள் சிட்டு. "பெரியம்மா தைச்சது."